‘வெறும் சேறுதானே’ என்பவர்களுக்கு

கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி வலைக்குத் தடை கேட்டாலும் சரி, கடலில் கால்வாய் தோண்டாதீர்கள் என்றாலும் சரி, வருகிற பதில் ஒன்றுதான்: “அடியில் என்ன இருக்கிறது? வெறும் சேறும் மணலும்தானே! கிளறினால் கலங்கும், இரண்டு நாளில் தெளிந்துவிடும்.” இதைச் சொல்கிறவர்கள் கடலைப் பார்க்காதவர்கள் அல்லர். விசைப்படகு வைத்திருப்பவர்களும் துறைமுகத் திட்டம் போடுகிறவர்களும்கூடச் சொல்கிறார்கள். ஆகவே பொத்தாம்பொதுவாகத் தள்ளிவிடாமல், இந்தப் பேச்சில் அடங்கிய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

என் பதிலின் சாரம் இதுதான்: கடலடி மண் வேலை செய்வது அது அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் வரிசையால். கிளறும்போது மண் எங்கும் போய்விடுவதில்லை. அந்த வரிசை போய்விடுகிறது.

“அடியில் உயிர் ஏது?”

பாக் விரிகுடா போன்ற ஆழம் குறைந்த கடலின் சேற்றுத் தரையில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுத்துப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டருக்குப் பழுப்பு நிறம். அதன் கீழே சாம்பல். அதற்கும் கீழே கறுப்பு. முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் இறங்குவது அந்தப் பழுப்புத் தோல் வரைக்கும்தான். கீழே இருக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாமல், நைட்ரேட்டையும் இரும்பையும் சல்பேட்டையும் கொண்டு காலம் தள்ளுகின்றன. கறுப்புக்கு நடுவே ஆங்காங்கே பழுப்பு வளையங்கள் தெரியும். அவை புழுக்கள் தோண்டிய வளைகள். புழு நீரை உள்ளே இறைப்பதால் வளையின் சுவருக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. அங்கே அமோனியா நைட்ரேட்டாக மாறுகிறது. அதை ஒட்டிய ஆக்சிஜனற்ற சேற்றில் அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் உரமும் சாக்கடையும் கரையோரக் கடலைப் பாசிக்குட்டையாக்கி விடாமல் காப்பதில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

கண்ணுக்குத் தெரியும் உயிர்களுக்கும் குறைவில்லை. இறால் இனங்கள் பல பகலில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து இரவில் மேலே வருகின்றன. இறால் மடியை இரவில் இழுப்பது அதனால்தான். நீலக்கால் நண்டும் மணலுக்குள் உடலை மறைத்துக்கொள்ளும். கடல் அட்டை சேற்றைத் தின்று, சத்தை எடுத்துக்கொண்டு, மண்ணைத் திருப்பித் தருகிறது. கடற்புல் வேர்விடுவதும் இந்த மண்ணில்தான். ஆவுளியா என்று நம் கரையோரம் அழைக்கும் கடற்பசு அந்தப் புல்லை வேர்த்தண்டோடு பிடுங்கித் தின்று வாழ்கிறது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. அதன் மேய்ச்சல் தரையைக் காப்பாற்றாமல் கடற்பசுவை மட்டும் காப்பாற்ற முடியாது.

“புயல் கலக்காததையா மடி கலக்கிவிடும்?”

இதில் உண்மை இருக்கிறது. அலை ஓயாமல் புரட்டும் கரையோர மணலில் வாழும் உயிர்கள் அந்தப் புரட்டலுக்குப் பழகியவை. அங்கே காயம் சீக்கிரம் ஆறும். ஆனால் ஒரே கடலில் ஆண்டுக்கு எத்தனை புயல்? பாக் விரிகுடாவில் மீன்பிடித் தடைக்காலமான 61 நாள் போக, விசைப்படகுகளுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்பது பழைய ஏற்பாடு. அந்த மூன்று நாளும் மடி தரையில்தான் போகிறது.

பல நாட்டுக் கடல்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு கணக்கு வெளிவந்தது. பலகை கட்டிய இழுவைமடி ஒருமுறை போனால் தரையைச் சராசரியாக 2.4 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறுகிறது. அங்குள்ள உயிர்த்தொகையில் 6 சதவீதம் அழிகிறது. ‘ஆறுதானே’ என்று தோன்றும். அதே தொகுப்பு சொல்லும் அடுத்த விவரம்: பாதியாகக் குறைந்த உயிர்த்தொகை 95 சதவீதத்துக்கு மீள 1.9 முதல் 6.4 ஆண்டு வரை ஆகிறது. ஒரே தடத்தில் மடி திரும்பத் திரும்பப் போனால் மீள்வதற்கு அவகாசமே இல்லை. 2.4 சென்டிமீட்டர் என்பதும் சிறிய ஆழமல்ல. சில மில்லிமீட்டர் கனமே உள்ள பழுப்புத் தோலைக் கிழித்துக் கறுப்புச் சேற்றை மேலே கொண்டுவர அது தாராளம்.

“உழுதால்தானே விளையும்?”

இருப்பதிலேயே பழைய வாதம் இது. 1863இல் பிரிட்டன் அமைத்த மீன்பிடி விசாரணைக் குழுவின் முன் இழுவைப் படகுக்காரர்கள் இதைச் சொன்னார்கள். அறிவியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி இடம்பெற்ற அந்தக் குழு, கட்டுப்பாடு தேவையில்லை என்று முடித்தது. இருபது ஆண்டு கழித்து, 1883இல், இழுவைமடி மீதான புகார்களை விசாரிக்க இன்னொரு குழு போட வேண்டியதாயிற்று. அடியை வாரும் வலைக்கு எதிராக இங்கிலாந்து மீனவர்கள் 1376இலேயே மனுக் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயலை உழுகிறவர் விதைக்கிறார், எரு இடுகிறார், வரப்புக் கட்டுகிறார். கடலில் வரப்பு ஏது? கிளம்பிய வண்டலில் சத்துள்ள மெல்லிய பகுதி நீரோட்டத்தோடு போய்விடுகிறது. மத்தியதரைக் கடலின் வடமேற்குச் சரிவில், மடி ஓடிய தரையையும் ஓடாத தரையையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு, உழப்பட்ட தரையில் கரிமச் சத்து 52 சதவீதம் வரை குறைந்திருந்ததாகச் சொன்னது. மண்ணில் வாழும் நுண்விலங்குகள் 80 சதவீதம் குறைந்திருந்தன. இதையா விளைச்சல் என்பது?

மடி போன தடத்தில் மீன் கூடுவது உண்மைதான். நொறுங்கிய புழுவையும் சிப்பியையும் தின்ன வரும் கூட்டம் அது. கிளறினால் உரச்சத்து மேலே வருவதும் உண்மை. கூடவே கறுப்புச் சேற்றின் சல்பைடும் வந்து நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்கிறது. கலங்கல் வெயிலை மறைக்க, கடற்புல் வாடுகிறது.

சந்தேகம் இருந்தால் இறங்குதளத்தில் கொட்டிக் கிடக்கும் சங்காயம் என்ற கழிவுமீன் குவியலைக் கிளறிப் பாருங்கள். விரல்நீளக் குஞ்சுமீன், கால் ஒடிந்த நண்டு, உடைந்த சிப்பி, வேரோடு வந்த கடற்புல். கோழித் தீவனத்துக்குப் போகிற அந்தக் குவியல்தான் உழவின் அறுவடை. வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் நம் படகுகள் மீது வைக்கும் முதல் புகாரும் இந்த மடிதான். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. எல்லைத் தகராறாக மட்டுமே நாம் பேசிவரும் விவகாரத்துக்குக் கீழே கடலடித் தகராறு ஒன்றும் இருக்கிறது.

“தோண்டிய பள்ளம் தானே தூர்ந்துவிடும்”

தூரும். 2005இல் தொடங்கி, 2007இல் உச்ச நீதிமன்றத் தடை வந்தபின் பாதியில் நின்ற சேதுக் கால்வாய், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம் என்று திட்டமிடப்பட்டது. அதை நிறைவேற்ற வேண்டும் என்று 2023 ஜனவரியில் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. தூர்ந்துவிடும் என்று தேற்றுகிறவர்கள், அப்படியானால் ஆயுசுக்கும் தூர்வார வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தூர்வாரலும் புதிய கலங்கல்.

மணல் இருந்த இடத்தில் மணலே வந்து நிரம்பும் என்பதும் நிச்சயமில்லை. நீரோட்டம் மந்தமான பள்ளத்தில் நுண்சேறுதான் படியும். மணலில் வாழும் உயிர்கள் அதில் குடியேறா. நிரப்ப வரும் மணலும் எங்கோ ஓரிடத்தில் குறையத்தானே வேண்டும்? நம் கிழக்குக் கரையில் மணல் நிகர ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கி நகர்கிறது. சென்னைத் துறைமுகம் அதை மறித்ததில் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. புதுச்சேரியில் 1989இல் துறைமுகத் தடுப்புச்சுவர் எழுந்தபின் நகரின் கடற்கரை கற்குவியலாயிற்று. கரையும் கடலடியும் ஒரே மணலின் வரவு செலவு. ஓரிடத்தில் எடுத்தால் இன்னோரிடத்தில் பற்று விழும்.

“புதைந்த நஞ்சு போன நஞ்சு”

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஓர் ஆலை 1968இல் பாதரசக் கழிவைக் கொட்டுவதை நிறுத்தியது. சேற்றில் தங்கிய பாதரசம் நிற்கவில்லை. 1977 முதல் 1990 வரை நஞ்சேறிய சேற்றை வாரி, விரிகுடாவின் ஒரு பகுதியில் அடைத்து, அதன் மேல் நிலமாக்கினார்கள். கடலுக்குள் கட்டியிருந்த தடுப்பு வலையை எடுத்தது 1997இல்தான்.

அசையாத கறுப்புச் சேறு பல உலோகங்களைச் சல்பைடோடு பிணைத்து வைத்திருக்கும். கிளறி ஆக்சிஜன் பட்டால் பிணைப்பு தளரும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயும் படிந்திருக்கின்றன. அங்கே சோதிக்காமல் தூர்வாருவது, மூடிக் கிடப்பதை வலிந்து திறப்பது.

இத்தனை கேடு இருந்தாலும், கடன் வாங்கிப் படகு கட்டியவரிடம் மடியைத் தூக்கி எறி என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. பாக் விரிகுடா இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்ற 2017இல் தொடங்கிய திட்டம் அந்தச் சிக்கலை ஒப்புக்கொண்டதன் அடையாளம். அதைக் கடன்சுமை கூடாதபடி திருத்தித் தொடர வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிய மூன்று கடல் மைலுக்குள் இழுவைமடி நுழையாமல் பார்த்துக்கொள்ள புதுச் சட்டம் வேண்டியதில்லை. இருப்பதை நிறைவேற்றினால் போதும்.

தோண்டும் திட்டங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. ‘வெறும் சேறு’ என்று சொல்கிறவர் அதை நிரூபிக்கட்டும். தோண்டப்போகும் இடத்தில் குழாயை இறக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் என்ன உயிர், என்ன உலோகம் என்று பிரித்து எழுதி, அந்த அறிக்கையை அங்கே தொழில் செய்யும் மீனவர் ஊரில் தமிழில் படித்துக் காட்டட்டும். அனுமதிப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.