கையை விடுங்க, மூடியைப் பிடிங்க!

பிசிக்ஸ் பரீட்சை நடக்கும்போது ஹால் வாசலில் நின்று பார்த்திருக்கீங்களா? பாதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு, மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு, பரதநாட்டிய அரங்கேற்றம் மாதிரி உட்கார்ந்திருப்போம். எல்லாம் வலக்கை விதி படுத்தும் பாடு.

இதில் ஒரு கொடுமை உண்டு. நம்மில் பெரும்பாலானோருக்கு வலது கையில் பேனா. அதைக் கீழே வைக்கச் சோம்பல். சும்மா இருக்கிற இடது கையைத் தூக்கிடுவோம். கணக்கு சரி, குறி மட்டும் மைனஸ்! போன இன்டர்னலில் எனக்கு நாலு மார்க் இப்படித்தான் போச்சு. பக்கத்து பெஞ்ச் இடக்கைக்காரன், பேனாவைக் கீழே வைக்காமலே வலது கையைச் சுழற்றி முழு மார்க் வாங்கிட்டான்.

அன்றிலிருந்து மாற்று விதிகள் தேடி அலைகிறேன். இதுவரை கிடைத்தவை:

பாட்டில் விதி: தண்ணீர் பாட்டில் மூடியை முதல் வெக்டரிலிருந்து இரண்டாவது வெக்டருக்குக் குறுக்கு வழியில் திருப்புங்க. மூடி கழன்றால் விடை தாளிலிருந்து உங்களைப் பார்த்து வரும். இறுகினால் தாளுக்குள் போகும். மேக்ஸ்வெல்லின் திருகு விதியும் இதே கதைதான்.

ஃபேன் விதி: நம்ம ஊர் சீலிங் ஃபேன் கீழிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதன் கோணத் திசைவேக வெக்டர் கீழ்நோக்கி, காற்று வரும் பக்கமே இருக்கும். ஆனால் நீங்க அண்ணாந்து பார்த்தால் இன்விஜிலேட்டரும் பார்ப்பார். கரண்ட் போனால் விதியும் போச்சு.

பிரதட்சிண விதி: கோயிலை வலம் வந்தால் உங்க வெக்டர் பூமிக்குள் இறங்கும். மார்க் ஏறுமா என்பது வேண்டுதலைப் பொறுத்தது.

பெடல் விதி: இதை மட்டும் நம்பாதீங்க. சைக்கிளின் இடது பெடலுக்கு இடது மரை. வொர்க்‌ஷாப்பில் அசிட்டிலீன் சிலிண்டர் நட்டும் அப்படித்தான். ஆக்சிஜன் இணைப்போடு மாறிப்போகக் கூடாது என்பதற்காக. பாட்டில் மூடி நினைப்பில் அதைத் திருப்பினால், மரை கழன்றது நமக்குத்தான் என்று நினைப்பார்கள்.

ஆனால் அந்த இடது மரை நட்டும் ஒழுங்காக இறுகத்தானே செய்கிறது? அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இடது கை அப்படி என்ன பாவம் செய்தது?

ஒரு சோதனை செய்து பாருங்க. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்பிகள், ஒரே திசையில் மின்னோட்டம். இரண்டும் ஈர்க்கும் என்று 1820-லேயே ஆம்பியர் காட்டிவிட்டார். இப்போ காந்தப்புலத்தை இடது கையால் கண்டுபிடிங்க. திசை தலைகீழாக வரும். பரவாயில்லை, விசையையும் இடது கையாலேயே கண்டுபிடிங்க. மைனஸும் மைனஸும் சேர்ந்து ப்ளஸ். கம்பிகள் ஈர்க்கத்தான் செய்யும்! ஒரு படியில் இந்தக் கை, அடுத்த படியில் அந்தக் கை என்று மாற்றினால்தான் விலகும் என்று தப்பாக வரும்.

கம்பிக்கு நம்ம கை தெரியாது. வலக்கை என்பது சாலையில் இடது பக்கம் போவது மாதிரி நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். வலது பக்கம் போகும் நாடுகளிலும் வண்டி ஓடுகிறது. ஒரே சாலையில் ஆளுக்கொரு பக்கம் போனால்தான் மோதல். பரீட்சையில் காந்தப்புலத்தின் திசையை மட்டும் கேட்டால் ஒப்பந்தப்படி வலக்கைதான். அதில் சண்டைக்கு வரவில்லை.

என் வருத்தம் வேறு. பத்தாம் வகுப்பில் பிளெமிங்குக்காக மோட்டாருக்கு இடக்கை, ஜெனரேட்டருக்கு வலக்கை என்று மனப்பாடம் செய்தோம். இங்கே வந்தும் விரலைத்தான் எண்ணுகிறோம். "இது ஒப்பந்தம், இயற்கையின் கட்டளை இல்லை" என்று ஒரு வரி, கூடவே அந்த இரண்டு கம்பிகள் கணக்கு, இவ்வளவு சொல்லிக் கொடுத்திருந்தால் பயம் போயிருக்கும். நாலு மார்க்கும் தங்கியிருக்கும்.

அதுவரை பரீட்சைக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டு போங்க. கேட்டால் தாகம்னு சொல்லிக்கலாம்.