தாயகம் திரும்பியோர்: ஒரு பிழையான பெயர்

‘தாயகம் திரும்பியோர்’ என்பது இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழர்களைக் குறிக்கத் தமிழக அரசு ஆவணங்களில் வழங்கும் பெயர். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்றுக் கப்பலேறியவர்கள் இவர்கள். பிழைக்கப் போனவர்கள் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள் என்று தமிழ்நாட்டில் பலரும் நம்புவதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம். அந்த நம்பிக்கை தவறானது. சொந்த நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்கு, வீடு திரும்பியவர்கள் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

மலையகத்தில் காப்பி பயிரிட்ட காலத்துக்கு இந்தச் சொல் ஓரளவு பொருந்தும். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிச் சென்றவர்களில் பலர் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊருக்கு வந்துவிடுவார்கள். தேயிலை அந்த வழக்கத்தை மாற்றியது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய பயிர், காப்பியை இலைநோய் அழித்த பிறகு மலையெங்கும் பரவியது. கொழுந்தை ஆண்டு முழுவதும் பறித்தாக வேண்டும். பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குடும்பம் குடும்பமாக லயம் என்னும் வரிசை வீடுகளில் தங்கிவிட்டார்கள். 1964இல் அங்கிருந்தவர்களில் மிகப் பலர் அந்த மலைகளிலேயே பிறந்தவர்கள். தாத்தாவின் ஊர்ப்பெயர் காதில் விழுந்திருக்கலாம். கண்ணால் கண்டிராத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்?

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோனது. பிறகு இரு அரசுகளும் 9,75,000 மனிதர்களைப் பங்கு போட்டன. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் பெரிய தொழிற்சங்கத் தலைவரான எஸ். தொண்டமான் எதிர்த்தும் ஒப்பந்தம் நின்றது.

அவர்களே விரும்பி விண்ணப்பித்தார்கள் என்பதே இந்தப் பெயரை ஆதரிப்போரின் வலுவான வாதம். விரும்பியவர்களும் இருந்தார்கள், உறவுகளோடு சேர்ந்து வாழும் ஆசை சில முதியவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் விண்ணப்பங்களே மொத்தக் கதையையும் சொல்லிவிடுகின்றன. இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் 5,25,000 என்ற இலக்கை எட்டவில்லை. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்களோ 3,00,000 என்ற அளவை வெகுவாகத் தாண்டினார்கள். தங்க விரும்பியவர்களுக்கு இடம் போதவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977இலும் 1983இலும் இனவன்முறை வெடித்தது. பசியும் பயமும் துரத்த எடுத்த முடிவை விருப்பம் என்று பதிவுசெய்வது கொடுமை.

புறப்பட்டவர்களின் மனநிலையை அவர்களுடைய பேச்சு வழக்கே காட்டுகிறது. மலையகத்தார் ரயிலைக் கோச்சி என்பார்கள். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. நிலையங்களில் ஏறியவர்களும் வழியனுப்பியவர்களும் சாவு வீட்டில் அழுவதுபோல் அழுதார்கள். தாய்வீட்டுக்குப் போகிறவர்களின் அழுகை அப்படி இருக்காது.

பெயரில் இருந்த பிழை நலத்திட்டங்களிலும் புகுந்தது. ஊர் திரும்பியவருக்கு நிலமும் உறவும் இருக்கும், கொஞ்சம் முதல் கொடுத்தால் போதும் என்ற கணக்கில் பெரும்பாலோருக்கு வணிகக் கடன் தரப்பட்டது. கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து வெட்டுவதும் தவிர வேறு தொழில் பழகாத மக்களுக்குக் கடை வைக்கச் சொல்லிக் கடன்! பணம் கரைந்ததும் பலர் தேயிலை வேலை தேடி நீலகிரிக்கு ஏறினார்கள். இவர்களுக்காகவே 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களால் (இன்றைய டான்டீ) ஒரு பகுதியினருக்கே வேலை தர முடிந்தது. தாயகம் என்று காட்டப்பட்ட இடத்தில் அக்கம்பக்கத்தார் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தார்கள்.

1983க்குப் பிறகு படகேறி வந்தவர்களிலும் மலையகத்தார் உண்டு. அவர்கள் ‘அகதி’ என்று பதிவாகிக் குடியுரிமை இல்லாமல் முகாம்களில் தங்கினார்கள். வந்த ஆண்டையும் கையிலிருந்த தாளையும் பொறுத்து, ஒரே தோட்டத்து மக்களில் ஒருவர் திரும்பியவராகவும் மற்றவர் அகதியாகவும் ஆனார். இரு சாராரும் விட்டு வந்த நாடு ஒன்றுதான். இருவருக்கும் பொருந்தும் சொல் ‘புலம்பெயர்ந்தோர்’. ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்களை ‘வெளியேற்றப்பட்டோர்’ என்று குறிப்பிடுவது இன்னும் சரி.

இலங்கையே இவர்களின் சொந்த நாடு என்பதற்கு அந்நாட்டின் சட்டமே பின்னாளில் சான்றானது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்க 2003இல் இயற்றப்பட்ட சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்களுடைய வழித்தோன்றல்களையும் தகுதியுடையோராக ஏற்றது. அது ஒப்பந்தம் கையெழுத்தான நாள். கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களும் அந்த நாளில் அதே மலைகளில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.