விண்டேஜ் ஷாம்பெயின்: முதலீடா, செலவா?

விண்டேஜ் ஷாம்பெயின் வாங்கி வச்சா லாபம் வருமான்னு கேக்குறீங்க. என் பதில்: வேண்டாம்.

பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் ஒயினை பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது தடவை நொதிக்க விடுகிறார்கள். பல வருஷ ஒயினைக் கலந்து செய்யும் சாதாரண பாட்டிலையே 15 மாதம் வைத்திருந்துதான் விற்கலாம். ஒரே வருஷத் திராட்சையில் செய்யும் விண்டேஜுக்கு 3 வருஷம். அதுவரை கம்பெனி பணம் பாதாள அறையில முடங்கிக் கிடக்கு. அந்தக் காத்திருப்புச் செலவும் நம்ம தலையிலதான்.

வாங்கின பிறகு வட்டியும் இல்ல, டிவிடெண்டும் இல்ல. குளிர்ச்சியா, இருட்டுல வைக்கணும். நம்ம ஊர் வெயில்ல பீரோவுல வச்சா அவ்வளவுதான். எல்லாத்தையும் விட, இங்க லைசென்ஸ் இல்லாம மதுவை விக்கிறது குற்றம். அப்புறம் லாபத்தை எப்படி எடுப்பீங்க?

குடிக்க ஆசைன்னா சாதாரண பாட்டிலே போதும். அதையும் பட்ஜெட்ல செலவுன்னே எழுதுங்க.