ஆம்ப் இல்லாட்டி பேஸ் இல்லையாமே!

மேடையில ஆம்ப் வைக்காம, காதுல இன்-இயர் மானிட்டர் மாட்டிக்கிட்டு பேஸ் கிடார் வாசிக்கறவன் பிளேயரே இல்லையாம். நண்பர் ஒருத்தர் சாபம் விட்டிருக்கார். போன வருஷம் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான் மக்களே.

1969-ல ஆம்பெக் எஸ்விடி வந்தப்போ 300 வாட்ஸ். அன்னிக்குத் தேவைதான்; கடைசி வரிசை வரைக்கும் பேஸைக் கொண்டுபோக வேற வழி கம்மி. இன்னிக்கு டிஐ பாக்ஸ் வழியா மிக்ஸருக்குப் போறதைத்தான் ஜனங்க கேக்கறாங்க. அப்புறம் முதுகுக்குப் பின்னால அந்தப் பெட்டி யாருக்கு? நம்ம பந்தாவுக்கு!

நான் சத்தம் ஏத்த, கிடார்காரர் ஏத்த, டிரம்மர் இன்னும் ஓங்கி அடிக்க... 100 டெசிபல்னா ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான்னு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லுது. நாங்க மூணு மணி நேரம் வாசிச்சோம். கிடைச்ச பரிசு, இடது காதுல ராத்திரி பகலா ஓயாத ரீங்காரம்.

"நெஞ்சுல இடிக்கற அதிர்வு வராதே?" வராதுதான், ஒத்துக்கறேன். அதுக்குக் காலடியில அதிர்ற பலகை விக்கறாங்க. காது விக்கறதில்லை.

ஒரு எச்சரிக்கை: இன்-இயரையும் அலறவிட்டா அதே கதிதான். ஒத்தைக் காதுல மட்டும் மாட்டவும் வேணாம்.

இப்போ வந்து திட்டுங்க. காது இருக்கற வரைக்கும் கேட்டுக்கறேன்.