எட்டில் ஒன்று

ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்தில் டர்பைன் செய்யும் 'பெல்' ஆலை வரைபடத்தை நம்புகிறது, ஞாபகசக்தியை அல்ல. கம்ப்யூட்டர்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் புத்தி கிடையாது. அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேப்பிடலில், 2012-ல், எட்டு சர்வர்களில் புது மென்பொருளை ஏற்றவேண்டிய ஊழியர் ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. ஆகஸ்ட் 1 காலை, 45 நிமிடத்தில் 46 கோடி டாலர் காலி.

லினக்ஸ் சர்வர்களுக்கும் வரைபடம் உண்டு. 1993-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்கெஸ் உருவாக்கிய சிஎஃப்என்ஜின், 2012-ல் வந்த ஆன்சிபிள் போன்றவை. சர்வர் எப்படி இருக்கவேண்டும் என்று ஒருமுறை எழுதிவைத்தால் போதும். ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, விலகியதை மட்டும் திருத்தும். ஆனால் எழுதியதே தப்பென்றால் எட்டும் கெடும். வரைபடத்துக்கும் இரண்டாவது ஆளின் கையெழுத்து தேவை.