சீத்தம்மாள் காலனிக்கு ஒரு பிக்கப்

ஆழ்வார்பேட்டை சீத்தம்மாள் காலனியில் எங்கள் குடியிருப்பில் ஐப்பசி பிறந்தால் வண்டிப் பேச்சு தொடங்கிவிடும். மிக்ஜாம் புயல் அடித்த 2023 டிசம்பரில் கீழ்த்தளத்தில் நின்ற ஆறு கார்களில் நான்கு தண்ணீர் குடித்தன. அதில் ஒன்று எனக்கு நேர் மேல்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியுடையது. போன வாரம் லிஃப்ட் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், இனிமே சின்ன வண்டியே வேண்டாம். ஒரு பிக்கப் எடுத்துடப் போறேன், ஃபோர் பை ஃபோர். டாங்க் மாதிரி இருக்கும், தண்ணி வந்தாலும் போயிண்டே இருக்கலாம். வி-கிராஸா, ஹைலக்ஸா? அதை மட்டும் சொல்லுங்கோ."

அதை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர் ஒருவருடைய ஆசையாக இருந்தால் விட்டுவிடலாம். டி.டி.கே. சாலைக் காப்பிக் கடை முதல் நாரத கான சபா கேன்டீன் வரை, முப்பது லட்சத்தைச் சுற்றிச் செலவழிக்க முடிந்தவர்கள் இப்போது இதையேதான் சொல்கிறார்கள்: பெரிய பிக்கப் வாங்கினால் விபத்திலும் பிழைக்கலாம், வெள்ளத்திலும் பிழைக்கலாம். இரண்டையும் நான் மறுக்கிறேன். வண்டி மட்டம் என்பதற்காக இல்லை. வி-கிராஸை இசுஸுவும் ஹைலக்ஸை டொயோட்டாவும் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள்.

முதலில் அந்த டாங்க். "அடியில சேஸிஸ் இருக்கு சார், இரும்பு ஏணி மாதிரி. மோதினா எதிர்ல வரவன்தான் காலி." லாரிக்குப் போடுவதுபோல் தனிச் சட்டம் போட்டு, அதன்மேல் உடலைத் தூக்கி வைப்பதுதான் பிக்கப்பின் அமைப்பு. பாரம் சுமக்க அது அருமையான ஏற்பாடு. உள்ளே இருக்கிறவரின் உயிர் வேறு கணக்கு. மோதும்போது முன்பகுதி நசுங்கி அந்த வேகத்தைத் தின்ன வேண்டும், ஆள் உட்காரும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும். சட்டம் வளையாமல் விறைப்பாக நின்றால் மிச்ச வேகம் சீட்பெல்ட் வழியாக நம் நெஞ்சுக்குத்தான் வரும்.

இதற்குச் சாட்சி வெகு தொலைவில் இல்லை. ஏணிச் சட்டம் கொண்ட மஹிந்திரா ஸ்கார்பியோவை, ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடலாக, குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனை அமைப்பு 2016இல் மோதவிட்டபோது பெரியவர்களுக்கான பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்யம். தனிச் சட்டமே இல்லாத, நான்கு மீட்டருக்கும் குறைவான டாடா நெக்ஸான் 2018 டிசம்பரில் அதே அமைப்பிடம் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஏணிச் சட்டம் என்றாலே ஆபத்து என்றும் சொல்லிவிட முடியாது. 2022இல் ஸ்கார்பியோ-என் அதே சட்ட அமைப்போடு ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டது. சட்டம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி எதற்கும் பதில் சொல்லாது.

பிக்கப்பிலேயே உதாரணம் வேண்டுமானால் தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே நிஸான் என்பி300 என்ற பிக்கப்புக்கு 'ஹார்ட்பாடி' என்று பெயர், கெட்டி உடம்பு. 2018 சோதனையில் அந்தக் கெட்டி உடம்புக்குப் பூஜ்ய நட்சத்திரம். இத்தனைக்கும் முன்னால் இரண்டு ஏர்பேக் இருந்தன. கூடே நிலைகுலைந்தால் ஏர்பேக் என்ன செய்யும்? அடுத்த ஆண்டு இன்னும் ஒரு படி போனார்கள். ஆப்பிரிக்காவில் அப்போது விற்ற புது என்பி300ஐ, ஐரோப்பாவில் ஓடிப் பழசான 2015 நவாராவோடு நேருக்கு நேர் மோதவிட்டார்கள். இரண்டும் ஒரே நிறுவனத்துப் பிக்கப். பழைய வண்டி ஓட்டுநர் நடந்து வெளியே வந்திருப்பார், புது வண்டி ஓட்டுநர் பெரும்பாலும் இறந்திருப்பார் என்பது சோதனைக்காரர்களின் முடிவு. இரண்டும் கனமான வண்டிதான், இரண்டிலும் ஏணிச் சட்டம்தான்.

ஹைலக்ஸ் ரசிகர்கள் இந்த இடத்தில் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சியை இழுப்பார்கள். 2003இல் ஒரு 1988 மாடல் ஹைலக்ஸைக் கடலலையில் விட்டார்கள், கொளுத்தினார்கள், இடிக்கப்படும் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் வைத்துக் கட்டடத்தோடு விழவைத்தார்கள். வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆனது. பார்க்க எனக்கும் கைதட்டத் தோன்றும். ஆனால் கட்டடம் சரிந்தபோது அதற்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எஞ்சின் பிழைப்பதும் ஆள் பிழைப்பதும் ஒன்று என்று யார் சொன்னது?

அடுத்தது நட்சத்திரக் கணக்கு. வி-கிராஸ் டி-மேக்ஸ் குடும்பத்து வண்டி. அதனால் "டி-மேக்ஸுக்கு ஆஸ்திரேலியாவுல அஞ்சு ஸ்டார்" என்பார்கள். உண்மைதான். 2020இல் அங்குள்ள சோதனை அமைப்பான ஏஎன்கேப் தன் விதிகளைக் கடுமையாக்கியபோது அதில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் பிக்கப் அது. ஆனால் அது மூன்றாம் தலைமுறை டி-மேக்ஸ். தானாகப் பிரேக் போடும் வசதி கொண்டது. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட இசுஸு இந்தியா, தடாவைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் 2016 முதல் செய்து விற்றுவரும் வி-கிராஸ் அதற்கு முந்தைய தலைமுறை. தம்பி வாங்கிய மெடலை அண்ணனுக்குப் போட்டு அழகு பார்க்கிறோம். இங்கே ஆரம்பத்தில் இரண்டு ஏர்பேக்தான். ஆறு ஏர்பேக் பிறகுதான், அதுவும் உச்ச மாடலுக்கு மட்டும் வந்தது.

ஹைலக்ஸ் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். 2022 ஜனவரியில் இங்கே அறிமுகமானபோதே ஏழு ஏர்பேக்கோடு வந்தது. ஆனால் அதே தலைமுறை ஹைலக்ஸைத்தான் ஸ்வீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் இதழ் 2016இல் காட்டுமான் சோதனைக்கு விட்டது. சாலையில் திடீரென்று மான் குறுக்கே வந்தால் சட்டென்று ஒதுக்கித் திரும்பவும் பழைய தடத்துக்கு வர முடிகிறதா என்று பார்க்கும் சோதனை. ஹைலக்ஸ் இரண்டு சக்கரத்தில் எழுந்து நின்றது. பிறகு நிறுவனம் திருத்தம் செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் மானுக்குப் பதில் மாடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். உயரமான வண்டி ஓட்டுகிறவருக்குத் தெம்பு கொடுக்கும். அந்தத் தெம்பில்தான் வளைவில் கொஞ்சம் கூடுதலாக மிதிப்போம்.

"ஃபோர் வீல் டிரைவ்னா மழையில வழுக்காது" என்பதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போவது கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும். பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. போதாக்குறைக்கு இந்த இரண்டு வண்டியிலும் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் ஃபோர் பை ஃபோர். முன் அச்சையும் பின் அச்சையும் அது ஒன்றாகப் பூட்டிவிடும் என்பதால் காய்ந்த தார்ச்சாலையில் போடவே கூடாது. வளைவில் கியர்ப்பெட்டி முறுக்கிக்கொள்ளும். ஆக, ஆழ்வார்பேட்டையில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் இது பின்சக்கரத்தில் ஓடும் வண்டி. அந்தப் பின்சக்கரங்களுக்கு மேல் இருப்பது பாரத்துக்காக அடுக்கிய பட்டை ஸ்பிரிங். பாரமே ஏற்றாமல் ஓட்டினால் கதீட்ரல் ரோட்டு ஒட்டுப்போட்ட தாரில் பின்பக்கம் துள்ளும்.

இனி வெள்ளம். மேல்வீட்டுக்காரர் கேட்டதே இதற்காகத்தான்.

ஹைலக்ஸுக்கு நிறுவனம் சொல்லும் நீராழம் 700 மில்லிமீட்டர். இரண்டேகால் அடிக்கும் சற்று மேல். இது தேங்கிய தண்ணீரில், தரை தெரிந்த இடத்தில், ஆள் நடக்கிற வேகத்தில் போவதற்கான அளவு. தண்ணீர் ஓட ஆரம்பித்தால் கணக்கு மாறிவிடும். ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரை அடித்துப் போய்விடும், இரண்டடி இருந்தால் பிக்கப்பையும் கொண்டுபோகும் என்று அமெரிக்க வானிலைத் துறை வருஷா வருஷம் எச்சரிக்கிறது. இரண்டடி என்பது ஏறத்தாழ 610 மில்லிமீட்டர். விளம்பரம் 'போகலாம்' என்று சொல்லும் ஆழத்துக்கு முன்பே வண்டியை ஆறு தூக்கிவிடும்.

எப்படித் தூக்கும்? என் மனக்கணக்கு இது. கேபின் தரை இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்று வையுங்கள். கதவு ரப்பர்கள் தண்ணீரை உடனே உள்ளே விடாது. கேபின் தரைக்கு மேல் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டர் தண்ணீருக்கும் 300 கிலோ அளவுக்கு வண்டி 'லேசாகும்'. வண்டியின் எடை இரண்டு டன் சொச்சம். முழுக்க மிதக்கும் வரை காத்திருக்க வேண்டாம். சக்கரம் தரையை அழுத்துவது பாதியானாலே பக்கவாட்டு நீரோட்டம் தள்ளிவிடும். பின்பக்கம் காலியான பிக்கப்பில் முதலில் பிடி இழப்பது பின்சக்கரங்கள்.

சீத்தம்மாள் காலனியில் ஆறு ஓடவில்லையே என்று கேட்கலாம். சரி, தேங்கி நிற்கும் தண்ணீர்தான். ஆனால் தரை தெரியாது. மழைநீர் வடிகாலுக்காக மூடி திறந்த மேன்ஹோல் எங்கே, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ஓரம் எங்கே, நடைபாதை மின்பெட்டி எவ்வளவு முங்கியிருக்கிறது, எதுவும் தெரியாது. முன்சக்கரம் ஒன்று குழிக்குள் இறங்கினால் 700 மில்லிமீட்டர் ஆழம் ஒரே நொடியில் ஒரு மீட்டர் ஆகிவிடும். எஞ்சின் மூச்சு இழுக்கும் குழாய் தண்ணீரை உறிஞ்சும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளையும். மிக்ஜாமுக்குப் பிறகு மேல்வீட்டுக்காரரின் காரைப் பிரித்துப் போட்ட புதுப்பேட்டை மெக்கானிக் வளைந்த ராடைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சார், தண்ணியில நின்னதால ஒண்ணும் ஆவல. நீங்க மறுபடி மறுபடி செல்ஃப் அடிச்சீங்க பாருங்க, அதான்." சாதாரண இன்ஷூரன்ஸில் இதற்குப் பொதுவாகப் பணம் வராது, எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். முப்பது லட்ச ரூபாய் வண்டியும் இதே விதியில்தான் சாகும்.

இன்னொன்று, யாரும் பேசாதது. மிக்ஜாம் அன்றைக்கு எங்கள் தெருவில் முழங்கால் ஆழத் தண்ணீரில் உயரமான வண்டி ஒன்று ஜோராகக் கடந்து போனது. அது தள்ளிய அலை எதிர்வீட்டுப் படியை ஏறி, அதுவரை நனையாமல் இருந்த கூடத்துக்குள் போய், அரிசி டின்னை மிதக்கவிட்டு வந்தது. ஓட்டியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து தெரிந்திருக்காது.

2015 டிசம்பரில் கோட்டூர்புரத்தில் ஆட்களை மீட்டது மீனவர்களின் படகு. ஃபோர் பை ஃபோர் இல்லை. வேளச்சேரிக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள்: மழை அறிவிப்பு வந்தால் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் பாலம் நெடுக வரிசையாக நின்றன, பாதிக்கு மேல் சின்ன கார்கள். செலவு, கொஞ்சம் பெட்ரோலும் ஒரு குடையும்.

காட்டுப் பாதைத் திறமை பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வண்டிக்கும் முன், பின் சக்கரங்களுக்கு இடையே மூன்று மீட்டருக்கும் மேல். மேட்டின் உச்சியில் வயிறு தட்டும். மஹிந்திரா தார் வண்டிக்கு 2,450 மில்லிமீட்டர், ஐந்து கதவு ஜிம்னிக்கு 2,590. குறுகலான மலைத்தடத்தில் இந்தக் குட்டிகள்தான் கில்லாடி. பிக்கப்பின் இடம் வேறு. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்து, உர மூட்டையும் ஆறு கிலோமீட்டர் சேற்றுச் சாலையும் தினசரி வாழ்க்கையாக இருக்கிறவருக்கு இது பொன்னான வண்டி. சேற்றில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது ஹைலக்ஸின் டிஃபரென்ஷியல் பூட்டு வாங்கிய காசுக்கு வேலை செய்யும். நம் தெருவில் சாமான் ஏற்றக் குட்டி யானை போதும், கூப்பிட்டால் வந்து நிற்கும்.

பாதுகாப்பு என்று பேசும்போது வண்டிக்கு வெளியே இருப்பவர் எப்போதும் விடுபட்டுப் போகிறார். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897, நடந்து போனவர்கள் 32,825. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள். பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முகம் கொண்ட காரைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐஐஎச்எஸ் 2023இல் கணக்கிட்டது. கால்களில் பட வேண்டிய அடி நெஞ்சில் படுகிறது. ஆஞ்சநேயர் கோயில் வாசலில் சனிக்கிழமை காலை செருப்பைத் தேடிக் குனிந்திருக்கும் பாட்டி இந்த பானெட்டுக்குப் பின்னாலிருந்து கண்ணில் படமாட்டார். வண்டியின் முன்னால் இரும்புக் கம்பி மாட்டுகிறவர்களும் உண்டு. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அது கூடாது என்று சொல்லிவிட்டது.

இவ்வளவும் கேட்ட பிறகும் மேல்வீட்டுக்காரர் விடவில்லை. "சரி சார், எடுத்தே தீரணும்னா எது?" ஏர்பேக் எண்ணிக்கைக்கும் பின் டிஃபரென்ஷியல் பூட்டுக்கும் ஹைலக்ஸ் என்றேன், காசு இடித்தால் வி-கிராஸின் ஆறு ஏர்பேக் மாடல், அதற்குக் கீழே இறங்க வேண்டாம். அவர் முகம் மலர்ந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு டேப் வாங்கிவரச் சொன்னார். மூவரும் குனிந்து அவருடைய பார்க்கிங் இடத்தை அளந்தோம். தூணிலிருந்து மஞ்சள் கோடு வரை சரியாக ஐந்து மீட்டர். ஹைலக்ஸ் 5,325 மில்லிமீட்டர்.

வாட்ச்மேன் டேப்பைச் சுருட்டாமல் மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு அடியைக் காட்டினார். அங்கேதான் அவருடைய நாற்காலி கிடந்தது. "ஐயா, அப்போ இதை எங்க போடறது?"