தடை உத்தரவு இல்லாத தடை

புது தில்லி: ஒரு திரைப்படத்தை முடக்குவதற்கு அரசாணையோ நீதிமன்ற உத்தரவோ தேவையில்லை, திரையரங்க உரிமையாளர்களின் மனத்தில் அச்சத்தை விதைத்தாலே போதும் என்பதை 2014-ல் அமெரிக்காவின் சோனி பிக்சர்ஸ் நிறுவனத்தின் மீது நடந்த இணையவழித் தாக்குதல் உலகுக்கு உணர்த்தியது. பத்தாண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும், அச்சம்பவம் எழுப்பிய கேள்விக்கு அமெரிக்காவும் விடை காணவில்லை, இந்தியாவும் விடை காணவில்லை.

வட கொரியத் தலைவர் கிம் ஜாங் உன்னைக் கொல்லும் பணியை அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. இரு தொலைக்காட்சிக்காரர்களிடம் ஒப்படைப்பதாகக் கற்பனை செய்த நகைச்சுவைப் படம் "தி இன்டர்வியூ". சுமார் 4.4 கோடி டாலர் செலவில் உருவான இப்படம் பற்றிய செய்தி 2014 ஜூனில் பரவியதுமே, அதை வெளியிடுவது போர்ச் செயலுக்குச் சமம் என்று வட கொரியா எச்சரித்தது. ஐ.நா. பொதுச் செயலருக்கும் புகார்க் கடிதம் அனுப்பியது. அப்போது அதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 24-ம் தேதி சோனி நிறுவன ஊழியர்களின் கணினித் திரைகளில் மண்டை ஓட்டுப் படமும் மிரட்டல் வாசகமும் தோன்றின. "அமைதிக் காவலர்கள்" என்று தங்களை அழைத்துக்கொண்ட மர்ம நபர்கள், நிறுவனத்தின் கணினிகளைச் செயலிழக்கச் செய்தனர். அதுவரை வெளிவராத படங்கள், ஊழியர்களின் தனிப்பட்ட விவரங்கள், உயர் நிர்வாகிகளின் மின்னஞ்சல்கள் என அடுத்தடுத்து இணையத்தில் கொட்டப்பட்டன. டிசம்பர் 16-ம் தேதி வந்த மிரட்டல் இன்னும் கடுமையானது. படம் திரையிடப்படும் இடங்களுக்குச் செல்வோர் 2001 செப்டம்பர் 11-ஐ நினைவில் கொள்ள வேண்டும் என்று அது எச்சரித்தது.

அத்தகைய சதித்திட்டம் ஏதும் இருப்பதாக நம்பத்தக்க தகவல் இல்லை என்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தெரிவித்தது. ஆயினும் அந்நாட்டின் பெரிய திரையரங்க நிறுவனங்கள் அடுத்தடுத்து பின்வாங்கின. கிறிஸ்துமஸ் நாளில் வெளியாக வேண்டிய படம் கைவிடப்படுவதாக டிசம்பர் 17-ம் தேதி சோனி அறிவித்தது.

யார் எடுத்த முடிவு?

திரையரங்கு நடத்துவோர் கூறிய காரணத்தைப் புறந்தள்ள முடியாது. பண்டிகைக் காலத்தில் வணிக வளாகங்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் கூடுகின்றனர். அசம்பாவிதம் நேர்ந்தால் எச்சரிக்கை வந்தும் பொருட்படுத்தாத குற்றத்துக்கு அவர்களே இழப்பீடு வழங்க வேண்டிவரும். மிரட்டலை அஞ்சி மற்ற படங்களுக்கும் கூட்டம் வராது போகலாம். திரையரங்குகள் மறுத்ததால் தங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்றது சோனி. சோனி தவறு செய்துவிட்டது, எங்கோ இருக்கும் சர்வாதிகாரி அமெரிக்காவில் தணிக்கை நடத்த அனுமதிக்க முடியாது என்றார் அன்றைய அதிபர் ஒபாமா. ஒவ்வொருவரின் வாதமும் தனித்துப் பார்த்தால் நியாயமானதே. ஆனால் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், படத்தை நிறுத்தியவர் என்று எவரையும் சுட்ட முடியாத நிலை உருவாகியிருந்தது. சோனிக்கு ஆதரவாக நடிகர் ஜார்ஜ் குளூனி கொண்டுசென்ற மனுவில் ஹாலிவுட் பிரமுகர்கள் ஒருவரும் கையெழுத்திட முன்வரவில்லை.

அச்சம் அந்த ஒரு படத்தோடு நிற்கவில்லை. வட கொரியாவைக் களமாகக் கொண்டு வேறொரு நிறுவனம் எடுக்கவிருந்த "பியாங்யாங்" என்ற படம் அதே வாரத்தில் கைவிடப்பட்டது. "தி இன்டர்வியூ"-க்குப் பதிலாக, கிம்மின் தந்தையை நையாண்டி செய்யும் 2004-ம் ஆண்டுப் படம் ஒன்றைத் திரையிட முன்வந்த அரங்குகளுக்கும் அதன் உரிமையாளரான பாரமவுன்ட் அனுமதி மறுத்தது. இவ்விரு படங்களையும் ஊடுருவலாளர்கள் பெயர் சொல்லி மிரட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கடும் கண்டனத்துக்குப் பிறகு சோனி முடிவை மாற்றிக்கொண்டது. 300-க்கும் மேற்பட்ட சிறு திரையரங்குகளிலும், அதற்கு ஒருநாள் முன்பாகவே இணையத்திலும் படம் வெளியானது. மிரட்டியபடி எந்தத் தாக்குதலும் நடைபெறவில்லை. இணைய விற்பனை, வாடகை மூலம் மட்டும் ஒரு மாதத்துக்குள் சுமார் 4 கோடி டாலர் வசூலானது. சில பெரும் நிறுவனங்களின் கையில் மட்டுமே வெளியீடு இருக்கும்போதுதான் மிரட்டல் எளிதாகிறது. வழிகள் பலவானால் அதன் வலிமை குறைகிறது என்பதை இது காட்டியது.

தாக்குதலுக்கு வட கொரியாவே பொறுப்பு என்று எஃப்.பி.ஐ. 2014 டிசம்பர் 19-ல் அறிவித்தபோது, கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் சிலர் ஐயம் எழுப்பினர். வட கொரியாவும் மறுத்தது; அதேவேளையில் தாக்குதலைப் பாராட்டவும் செய்தது. 2018-ல் வட கொரியர் ஒருவர் மீது அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. வங்கதேச மத்திய வங்கியின் 8.1 கோடி டாலர் களவு போன 2016-ம் ஆண்டுச் சம்பவத்திலும் அவருக்குத் தொடர்பு உண்டு என்பது குற்றச்சாட்டு.

மிரட்டல் இன்றியே பணிவு

தாக்குதலில் கசிந்த மின்னஞ்சல்கள் இன்னோர் உண்மையையும் வெளிப்படுத்தின. ஊடுருவலுக்குப் பல வாரங்கள் முன்பே, கிம் கொல்லப்படும் காட்சியின் கடுமையைக் குறைக்குமாறு டோக்கியோவிலுள்ள சோனி தலைமையகம் கேட்டுக்கொண்டிருந்தது. 2015-ல் வெளியான "பிக்சல்ஸ்" படத்தில், சீனப் பெருஞ்சுவர் தகர்க்கப்படுவதாக எழுதப்பட்ட காட்சி அந்நாட்டுச் சந்தையை மனத்தில் கொண்டு நீக்கப்பட்டதும் தெரியவந்தது. அதற்கு முன்பே, 2012-ல் வெளியான "ரெட் டான்" படத்தில் அமெரிக்காவின் மீது படையெடுக்கும் சீன வீரர்கள், படப்பிடிப்பு முடிந்த பிறகு கணினி உதவியுடன் வட கொரிய வீரர்களாக மாற்றப்பட்டிருந்தனர். சந்தை இல்லாத நாடு மிரட்டித்தான் சாதிக்க வேண்டும். பெரும் சந்தை உள்ள நாட்டுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் இத்தகைய அச்சுறுத்தல் பெரும்பாலும் உள்நாட்டிலிருந்தே எழுகிறது. சட்டத்தின் நிலை இதில் தெளிவானது. இடஒதுக்கீட்டுக் கொள்கையை விமர்சித்த "ஒரே ஒரு கிராமத்திலே" என்ற தமிழ்ப் படத்துக்கு வழங்கப்பட்ட தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அத்தீர்ப்பை 1989-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆர்ப்பாட்டமும் வன்முறையும் நடக்கும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்குவது, சட்டத்தின் ஆட்சியை மறுத்து மிரட்டலுக்குப் பணிவதாகும் என்றும், பாதுகாப்பு அளிக்க இயலாது என்று அரசு கைவிரிக்க முடியாது என்றும் அது தெளிவுபடுத்தியது.

தீர்ப்பு எத்தனை உறுதியானதாக இருப்பினும், திரையைத் திறப்பவர் திரையரங்க உரிமையாளரே. "பத்மாவத்" படத்துக்குச் சில மாநிலங்கள் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் நிறுத்திவைத்தது. ஆயினும் குஜராத், ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்களில் வன்முறைக்கு அஞ்சித் திரையரங்குகளே படத்தைத் திரையிட மறுத்தன. 2019-ல் மேற்கு வங்கத்தில் "பபிஷ்யதேர் பூத்" என்ற வங்கமொழிப் படம், வெளியான மறுநாளே பெரும்பாலான திரையரங்குகளிலிருந்து மறைந்தது. அதன் பின்னணியில் அதிகாரத்தின் மறைமுக அழுத்தம் இருந்ததைக் கண்ட உச்ச நீதிமன்றம், மாநில அரசு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

அவ்வழக்கில் தயாரிப்பாளர் படம் வெளியாக வேண்டும் என்று உறுதியுடன் போராடினார். தயாரித்தவரும் வெளியிட்டவருமே பின்வாங்கிவிட்டால் நீதிமன்றம் செல்வது யார்? தணிக்கைச் சான்றிதழ் பெற்று 2023 டிசம்பரில் திரையரங்குகளில் ஓடிய "அன்னபூரணி" தமிழ்ப் படம், எதிர்ப்பைத் தொடர்ந்து 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. அரசுத் தடை ஏதுமில்லை. எதிர்த்து மேல்முறையீடு செய்ய ஆணையும் இல்லை. தணிக்கைக்கு எதிரான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது. இனி உயர் நீதிமன்றமே வழி.

சோனி விவகாரத்தின் பாடத்தைக் கணினிப் பாதுகாப்பு என்ற அளவில் சுருக்கிவிடுவது வழக்கம். பாதுகாப்பு அவசியமே. 2017-ல் "கேம் ஆஃப் த்ரோன்ஸ்" தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்புக்கு முன்பே கசிந்தபோது, இந்தியாவில் ஒப்பந்தப் பணி செய்த நிறுவனம் ஒன்றின் வழியாகவே அது நடந்தது என்று கண்டறியப்பட்டு, நால்வர் கைது செய்யப்பட்டனர். ஆனால் எத்தனை பலமான கணினிப் பூட்டும் திரையரங்க உரிமையாளரின் அச்சத்தைப் போக்கிவிடாது. அந்த அச்சத்தின் சுமையைத் தனியொரு வணிகர் மீது சுமத்தாமல் அரசு ஏற்க வேண்டும். மிரட்டல் வந்த நாளிலேயே காவல் துறைப் பாதுகாப்பை வெளிப்படையாக அறிவித்து, மிரட்டியவர்கள் மீது வழக்குப் பதிவு செய்ய வேண்டும். படத்தை நீக்கும் நிறுவனமும், யாருடைய கோரிக்கையின் பேரில், எந்தக் காரணத்துக்காக நீக்குகிறது என்பதைப் பார்வையாளர்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டதாக வேண்டும்.

காரணம் எழுத்தில் இருந்தால்தான் அதை எதிர்த்து வாதிட முடியும். அது இல்லாதவரை, 1989-ம் ஆண்டுத் தீர்ப்பு அளித்த பாதுகாப்பு, நீதிமன்றத்தின் படியேறத் துணிந்தவர்களுக்கு மட்டுமே உரியதாக இருக்கும்.